வண்டி ஸ்கிரீனில் போன் சேரவில்லையா? கேபிளில் இருந்து ஆரம்பியுங்கள்

போன சித்திரையில் தர்மபுரியிலிருந்து ஓசூருக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். காரிமங்கலம் தாண்டுவதற்குள் ஸ்கிரீனில் மேப் ஏழெட்டு முறை வந்து வந்து மறைந்தது, பாட்டு பாதியில் நின்றது, பின் சீட்டிலிருந்து மச்சான், "மாமா, இந்த செட்டையே தூக்கிப் போட்டுட்டு வேற மாத்திடுங்க" என்றான். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கடையில் உள்ளே போர்டு போய்விட்டது, புதுசுக்கு 18,000 ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். நானும் பாதி மனசாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். காவேரிப்பட்டணத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது மச்சான் தன் போனோடு வந்த கேபிளை எடுத்து மாட்டினான். ஓசூர் போய்ச் சேரும்வரை ஒரு தடவைகூட விடவில்லை.

அதனால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் இருக்க வேண்டும். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நாலு கம்பி ஓடும், இரண்டு கரண்டுக்கு, இரண்டு டேட்டாவுக்கு. மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது, சார்ஜ் மட்டும் ஏறும், நாமும் "சார்ஜ் ஏறுதே, கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்று நம்பிக்கொண்டிருப்போம். போனோடு வந்த கேபிள், இல்லாவிட்டால் ஒரு மீட்டருக்குள் இருக்கும் நல்ல டேட்டா கேபிள் போதும். பின் சீட்டுவரை இழுக்க எக்ஸ்டென்ஷன், நாலு போனுக்கு ஒரு ஹப் என்று நடுவில் எதையும் மாட்டாதீர்கள். வண்டியில் இரண்டு மூன்று யூஎஸ்பி ஓட்டை இருந்தால் எல்லாமே ஸ்கிரீனோடு பேசாது, பெரும்பாலும் ஒன்றுதான் பேசும், மற்றது வெறும் சார்ஜுக்கு. எது எது என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் கனெக்‌ஷன் போகிறதா? அப்படியானால் போனின் சார்ஜ் ஓட்டையைப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சும் தூசியும் உள்ளே போய் அடை மாதிரி இறுகியிருக்கும், கேபிள் முழுசாக உட்காராது. போனை அணைத்துவிட்டு மரத்தில் செய்த பல் குத்தும் குச்சியால் மெதுவாக வெளியே எடுங்கள். ஊக்கு, ஊசி எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கேபிள் மாற்றியும் சரியாகவில்லை என்றால், தப்பு போனிலா வண்டியிலா என்று பிரித்துவிடுங்கள். வீட்டில் இன்னொருவர் போனை இதே வண்டியில் மாட்டிப் பாருங்கள், உங்கள் போனைத் தெரிந்தவர் வண்டியில் மாட்டிப் பாருங்கள். பத்து நிமிஷ வேலைதான். இதைச் செய்யாமல் கடைக்குப் போவதால்தான் 18,000 கேட்கிறார்கள்.

போன்தான் காரணம் என்று தெரிந்தால்: ஆண்ட்ராய்டு 10-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில் ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனின் மேப்பையும் பாட்டையும் வண்டி ஸ்கிரீனில் காட்டும் வசதி) தனி ஆப்பாக இல்லாமல் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கும், செட்டிங்ஸ் தேடலில் பெயரை அடித்தால் வந்துவிடும். அதில் முன்பு இணைத்த கார்களின் பட்டியல் இருக்கும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வண்டியை நிறுத்தி வைத்து, போனை லாக் எடுத்த நிலையில் புதிதாக மாட்டுங்கள். முதல் தடவை போன் நாலைந்து அனுமதி கேட்கும், திரை லாக்கில் இருந்தால் அது கேட்பதே நமக்குத் தெரியாது. ஐபோனுக்கு சிரி என்ற குரல் உதவியாளர் ஆன் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்பிளே (ஐபோனில் இதே வேலையைச் செய்யும் வசதி) வராது. பிள்ளைகளுக்காக ஸ்கிரீன் டைமில் கட்டுப்பாடு போட்டிருந்தால் அங்கேயும் கார்பிளே அடைபட்டிருக்கலாம், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

புளூடூத் வேறு கதை. போன் பேச முடிகிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்பார்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு, ஆண்ட்ராய்டு போனின் புளூடூத் பட்டியலில் வண்டியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறியைத் தொட்டால் இரண்டும் தெரியும். போனும் வண்டியும் சேர்ந்த பழைய புளூடூத் இணைப்பை (பேரிங்) அழிக்கும்போது போனில் மட்டும் அழித்தால் போதாது, வண்டியிலும் அழிக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வண்டி இத்தனை போனைத்தான் நினைவில் வைக்கும் என்று கணக்கு உண்டு, ஊருக்கு வந்த சித்தப்பா போன் முதல் கொழுந்தியா போன் வரை சேர்த்து வைத்திருந்தால் பட்டியல் நிறைந்து புதுசு ஏறாது. எங்கள் வீட்டில் இன்னொரு கூத்து: வண்டியை ஸ்டார்ட் செய்ததும் வீட்டுக்குள் இருக்கும் மனைவியின் போன் முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்ளும், நான் என் போனைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

கேபிள் இல்லாமல் ஒயர்லெஸ்ஸில் ஓட்டுபவர்களுக்கு: அதில் புளூடூத் அறிமுகம் செய்துவைப்பதோடு சரி, மேப்பையும் பாட்டையும் சுமப்பது வைஃபை. ஆகவே இரண்டுமே ஆனில் இருக்க வேண்டும். விபிஎன் (இன்டர்நெட்டை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) போட்டிருந்தால் அணையுங்கள், பேட்டரி சேவரையும் அணையுங்கள். சித்திரை வெயிலில் டேஷ்போர்டு மேல் வைத்த போனில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது என்றால், அது சூடு. ஏசி காற்று படும் இடத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கேபிளுக்கே திரும்பிவிடுங்கள். தூரப் பயணத்துக்கு நான் கேபிள்தான்.

சில நேரம் கனெக்‌ஷன் நன்றாகத்தான் இருக்கும், போனுக்கு டவர்தான் இருக்காது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் காட்டுப் பாதையிலோ, அஞ்செட்டிப் பக்கமோ மேப் உறைந்து நின்றால் வண்டியைக் குறை சொல்லாதீர்கள். ஸ்கிரீனில் ஐகான்கள் தெரிந்து மேப் மட்டும் நகராவிட்டால் அது சிக்னல் கோளாறு, மொத்தமும் மறைந்தால்தான் இணைப்புக் கோளாறு. கிளம்புமுன் அந்தப் பகுதி மேப்பை வீட்டு வைஃபையில் ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எது நின்றாலும் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே ஸ்கிரீனைத் தடவ வேண்டாம், கீழே இறங்கி ஓரமாக நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டிப் பக்கம்தான் கோளாறு என்றால், பல செட்டுகளில் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் திரை அணைந்து திரும்ப எழும், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். வண்டி பேட்டரி மாற்றிய பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால் ஸ்கிரீனில் தேதியும் மணியும் சரியா என்று பாருங்கள், தேதி தப்பாக இருந்தால் ஆண்ட்ராய்டு ஆட்டோ சேர மறுக்கும். ஃபேக்டரி ரீசெட் (செட்டை வாங்கியபோது இருந்த நிலைக்கே கொண்டுபோவது) கடைசியில்தான், ஏனென்றால் சேர்த்து வைத்த ரேடியோ, போன் எல்லாம் போய்விடும். வாரண்டி இருக்கிற வண்டியில் வெளியாளை ஒயரை வெட்ட விடாதீர்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் சர்வீஸ் சென்டர்தான். போவதற்கு முன், கனெக்‌ஷன் அறுந்து போவதைப் பக்கத்து சீட்டில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லி வையுங்கள். அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும் அது நல்ல பிள்ளையாக வேலை செய்யும்.