காற்றாலை மெகாவாட்டைக் கணக்கிட்டுப் பார்க்கும் முறை

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த எண்ணூர்க்காரர்களுக்கு மெகாவாட் புதிய சொல் அல்ல. ஆனால் நிலக்கரியின் மெகாவாட்டையும் காற்றின் மெகாவாட்டையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது.

முதலில், செய்தியில் வரும் நிறுவுதிறனை (காற்றாலை அதிகபட்சமாகத் தரக்கூடிய மெகாவாட்டை) ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கி, காற்று எப்போதும் ஒரே வேகத்தில் வீசாது என்பதால், அதில் ஏறத்தாழ கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2 மெகாவாட் காற்றாலைக்கு 4,380 மெகாவாட்-மணி, அதாவது ஒரு மெகாவாட்-மணிக்கு 1,000 யூனிட் வீதம் 43.8 லட்சம் யூனிட் வரும். உங்கள் மின் அட்டையில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்றிருந்தால், ஆண்டுக்கு 2,400. அத்தகைய 1,825 வீடுகளுக்கு அந்த ஒரு காற்றாலை ஈடாகும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் புதிய காற்றாலைகளுக்கு மூன்றில் ஒரு பங்குகூட வைக்கலாம். அங்கே மின் உற்பத்தியில் பாதிக்கு மேல் காற்றிலிருந்தே வருகிறது.

அடுத்து மாதத்தைப் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களிலேயே நம் மாநிலக் காற்றாலைகள் பெரும்பகுதியை ஈட்டிவிடுகின்றன. எஞ்சிய மாதங்களுக்கு அத்திப்பட்டின் கொதிகலன்களை இன்னும் நம்பவேண்டியிருக்கிறது.