வடசென்னை மாணவர்களுக்கு: பத்தாம் வகுப்பு உலக வரலாற்றைத் தேர்வுக்குப் படிக்கும் முறை

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலின் வரலாற்றுப் பகுதி நான்கு உலக வரலாற்றுப் பாடங்களோடு தொடங்குகிறது. முதல் உலகப்போர், இரு போர்களுக்கு இடைப்பட்ட உலகம், இரண்டாம் உலகப்போர், அதற்குப் பிந்தைய உலகம் என்று அவை வரிசையாக அமைந்துள்ளன. வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் நடக்கும் டியூஷன் வகுப்புகளில் பெரும்பாலும் பாடத்தின் பின்னுள்ள ஒரு மதிப்பெண் வினாக்களிலிருந்தே படிப்பு தொடங்குகிறது. அதனால் நான்கு பாடங்களும் நானூறு தனித்தனிச் செய்திகளாக மாணவரின் தலையில் ஏறி, தேர்வு முடிவதற்குள் இறங்கியும் விடுகின்றன. உண்மையில் இந்நான்கும் ஒரே கதை. ஒரு பாடத்தின் முடிவே அடுத்த பாடத்தின் காரணமாகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால், மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும். கீழே உள்ள படிகளை இதுவரை பாடநூலைத் திறக்காதவர்களும் அப்படியே பின்பற்றலாம்.

முதல் படி: பேனா இல்லாமல் ஒரு வாசிப்பு

ஒரு பாடத்தை முதன்முறை படிக்கும்போது கோடு போடாமல், குறிப்பெடுக்காமல், கதை படிப்பதைப் போல முழுவதுமாகப் படித்து முடியுங்கள். வண்ணப் பேனாவை எடுத்துவிட்டால் எல்லா வரியும் முக்கியமாகத் தோன்றும். பக்கம் முழுக்க மஞ்சளானதுதான் மிச்சமாகும். படித்து முடித்தபின் நூலை மூடிவிட்டு, யார் யாரோடு மோதினார்கள், ஏன் மோதினார்கள், முடிவில் யார் எதை இழந்தார்கள் என்று வீட்டில் ஒருவருக்கு உங்கள் பேச்சுமொழியிலேயே சொல்லிப் பாருங்கள். கேட்பதற்கு ஆயாவோ தம்பியோ இருந்தால் போதும், அவர்கள் “அப்புறம் ஏன் அவன் சண்டைக்கு வந்தான்?” என்று கேட்கும் இடத்தில் நீங்கள் தடுமாறினால், மறுபடியும் படிக்க வேண்டிய பத்தி அதுதான்.

இரண்டாம் படி: நிலைய ஆண்டுகள்

எல்லா ஆண்டுகளையும் ஒரே அளவு அக்கறையோடு படிப்பது வீண் உழைப்பு. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் போகிறவருக்குக் கொருக்குப்பேட்டைக்குப் பின் தண்டையார்பேட்டை, பிறகு வ.உ.சி. நகர், திருவொற்றியூர் என்பது படிக்காமலே தெரியும். அதுபோல் சில ஆண்டுகள் வரிசையோடு மனத்தில் நின்றுவிட்டால், மற்ற நிகழ்ச்சிகளை அவற்றுக்கு இடையில் பொருத்திக்கொள்ளலாம். 1914, 1917, 1919, 1929, 1933, 1939, 1941, 1945, 1949 ஆகிய ஒன்பதை நான் பரிந்துரைக்கிறேன். போர் தொடங்கியது, ரஷ்யப் புரட்சி, தோற்ற ஜெர்மனியோடு வென்ற நாடுகள் செய்துகொண்ட வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை, பங்குச்சந்தை வீழ்ச்சி, ஹிட்லர் பிரதமரானது, போலந்துப் படையெடுப்பு, பேர்ல் துறைமுகத் தாக்குதல், அணுகுண்டும் ஐக்கிய நாடுகள் சபையும், அமெரிக்கா தலைமையிலான படைக் கூட்டணியான நேட்டோவும் மக்கள் சீனமும் என்று இவற்றை ஒரே மூச்சில் சொல்லும் வரை பழகுங்கள்.

இவற்றுள் 1917 மட்டும் ஒரு குழப்பத்தைக் கொண்டுவரும். லெனின் தலைமையிலான பொதுவுடைமைக் கட்சியினரான போல்ஷ்விக்குகள் ஆட்சியைப் பிடித்ததை ஒரு நூல் அக்டோபர் புரட்சி என்றும் இன்னொன்று நவம்பர் புரட்சி என்றும் குறிக்கும். அன்றைய ரஷ்யா பின்பற்றிய பழைய ஜூலியன் நாட்காட்டி நம்முடைய நாட்காட்டியைவிட 13 நாட்கள் பின்தங்கியிருந்தது. ஆகவே அவர்களுக்கு அக்டோபர் 25 ஆக இருந்த நாள் நமக்கு நவம்பர் 7. இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான்.

மூன்றாம் படி: காரணங்களை வரிசைப்படுத்துதல்

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய படி இது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே ஒரு நிகழ்ச்சியை எழுதி, “அதனால்” என்ற சொல்லைப் போட்டு அடுத்ததை எழுதுங்கள். “அதனால்” பொருந்தாத இடத்தில் உங்களுக்கு ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

முதல் உலகப்போரை எடுத்துக்கொள்வோம். 1914 ஜூன் 28 அன்று சாரயேவோ நகரில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் போஸ்னிய செர்பிய இளைஞர். அதனால் ஆஸ்திரியா செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்து, ஜூலை 28 அன்று போர் அறிவித்தது. செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா படைகளைத் திரட்டியது; அதனால் ஆஸ்திரியாவின் கூட்டாளியான ஜெர்மனி ஆகஸ்டு 1 அன்று ரஷ்யா மீதும், ரஷ்யாவின் கூட்டாளி என்பதால் ஆகஸ்டு 3 அன்று பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தது. பிரான்ஸை விரைவாக வீழ்த்த ஜெர்மானியப் படை நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அதனால் ஆகஸ்டு 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. பிரிட்டன் இறங்கியதால் அதன் ஆட்சியிலிருந்த இந்தியாவும் இழுக்கப்பட்டது.

இந்த வரிசையின் அடுத்த கண்ணி நம் ஊரிலேயே விழுந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் வான் முல்லரின் தலைமையில் வந்த எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கிக் குண்டுகளை வீசியது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அந்தத் தாக்குதலை நினைவூட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் இருக்கிறது. பாரிமுனைக்குப் போகும் நாளில் நின்று பார்த்துவிட்டு வரலாம். சாரயேவோவில் துப்பாக்கி வெடித்ததற்கும் ராயபுரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் தொட்டி வெடித்ததற்கும் இடையே மூன்று மாதம்கூட ஆகவில்லை. “உலகப்போர்” என்ற பெயர் ஏன் வந்தது என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

போரின் விளைவுகளுக்கும் அதே போல உள்ளூர்ப் பிடிப்பு உண்டு. போர்க்கால விலைவாசி உயர்வால் தொழிலாளர் வாழ்க்கை நெருக்கடியில் இருந்த நேரத்தில், 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, பி.பி. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டு கையெழுத்தான வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் ஒரு பகுதியாகவே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தோன்றியது. பின்னி மில் என்று அழைக்கப்பட்ட அந்த ஆலைகளைப் பற்றி உங்கள் தெருவில் யாராவது ஒரு பெரியவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். கேட்டுப் பாருங்கள், பாடம் மறக்காது.

அடுத்த இரு பாடங்களையும் இப்படியே இணையுங்கள். வெர்செய்ல்ஸ் ஜெர்மனியை அவமானப்படுத்தியது. இழப்பீடு கட்ட முடியாத ஜெர்மனி அமெரிக்கக் கடனை நம்பியது. 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தபின் அந்தக் கடன் நின்றது. 1932இல் ஜெர்மனியில் ஏறத்தாழ அறுபது லட்சம் பேர் வேலையின்றி நின்றனர். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். அவர் உடன்படிக்கையின் ஒவ்வொரு பிரிவாக மீறிக்கொண்டே போய், 1939 செப்டம்பர் 1 அன்று போலந்தில் நுழைந்தார். ஐந்து மதிப்பெண் வினாக்களில் பல இந்த ஒரு பத்திக்குள் அடங்கிவிடும்.

நான்காம் படி: குழப்பும் இடங்களைத் தனித்தாளில் எழுதுதல்

ஒரு மதிப்பெண் வினாக்களில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அணிகளில்தான். முதல் உலகப்போருக்கு முன் 1882இல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஆகியவை ஓர் அணியாக இருந்தன. ஆனால் போர் வந்தபோது இத்தாலி ஒதுங்கி நின்று, 1915இல் எதிரணியான நேச நாடுகளோடு சேர்ந்துகொண்டது. ஜப்பான் முதல் போரில் பிரிட்டனின் பக்கம். இரண்டாம் போரில் ஜெர்மனி, இத்தாலியோடு அச்சு நாடுகளின் பக்கம். இத்தாலி, ஜப்பான் ஆகிய இவ்விரு நாடுகளையும் இரண்டு போர்களையும் கொண்டு நான்கு கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். முதல் போருக்குப் பின் தோன்றிய பன்னாட்டுச் சங்கத்தையும் இரண்டாம் போருக்குப் பின் தோன்றிய ஐக்கிய நாடுகள் சபையையும், நேட்டோவையும் (1949) அதற்கு எதிரான சோவியத் அணியின் வார்சா உடன்படிக்கையையும் (1955) அதே தாளில் எதிரெதிராக எழுதலாம்.

ஐந்தாம் படி: விடை எழுதிப் பழகுதல்

படித்தவர் பலர் எழுதும்போது கோட்டை விடுகின்றனர். “வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் சரத்துகள் யாவை?” என்ற வினாவுக்கு, “இது மிகவும் கடுமையான உடன்படிக்கை, ஜெர்மனி மிகவும் பாதிக்கப்பட்டது” என்று அரைப் பக்கம் எழுதினாலும் திருத்துபவருக்கு மதிப்பெண் போட இடமிருக்காது. அதற்கு மாறாக இப்படி எழுதலாம்: உடன்படிக்கை 1919 ஜூன் 28 அன்று கையெழுத்தானது, போரைத் தொடங்கிய பொறுப்பை ஜெர்மனி ஏற்று இழப்பீடு செலுத்த வேண்டும், அதன் படை ஒரு லட்சம் வீரர்களுக்குள் இருக்க வேண்டும், அல்சேஸ்-லொரைன் பிரான்ஸுக்குத் திரும்ப வேண்டும், ரைன்லாந்தில் படை நிறுத்தக் கூடாது, அதன் குடியேற்ற நாடுகள் அனைத்தும் பறிக்கப்பட்டு, பன்னாட்டுச் சங்கத்தின் பெயரால் வென்ற நாடுகளின் பொறுப்பில் விடப்பட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரோ எண்ணோ இருப்பதைக் கவனியுங்கள். சரத்துகளைக் கேட்டால் விளைவுகளை எழுதாதீர்கள்; விளைவுகளைக் கேட்டால் காரணங்களை எழுதாதீர்கள். வினாவின் கடைசிச் சொல்லை அடிக்கோடிட்டுக்கொண்டு எழுதத் தொடங்குவது இதற்கு எளிய வழி.

சொந்த நடையில் எழுதலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். தாராளமாக எழுதலாம், ஆனால் உடன்படிக்கை, அமைப்பு, நாடு ஆகியவற்றின் பெயர்களைப் பாடநூலில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதுவது நல்லது. சாரயேவோவுக்கும் வெர்செய்ல்ஸுக்கும் கைடுக்குக் கைடு எழுத்து மாறுகிறது. நூலில் உள்ளதே உங்களுக்குப் பாதுகாப்பு.

ஆறாம் படி: வரைபடம்

எந்த வரைபடம் கேட்கப்படுகிறது என்பதை முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் பார்த்துக்கொள்ளுங்கள். அது எதுவாயினும், படிக்கும்போது ஐரோப்பிய வரைபடம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஜெர்மனி ஒருபுறம் பிரான்ஸுக்கும் மறுபுறம் ரஷ்யாவுக்கும் நடுவில் அகப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு, அது ஏன் அவ்வளவு அவசரப்பட்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: மீள்பார்வை

படித்த பாடத்தை மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை நூலை மூடிவைத்து நினைவுகூருங்கள். மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட, வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்துவிட்டு விடுபட்டதை மட்டும் நூலில் தேடுவது பலன் தரும். விடுபட்டதைச் சிவப்பில் எழுதுங்கள். அடுத்த முறை சிவப்பு எழுத்துகளை மட்டும் பார்த்தால் போதும்.

ஒரே அறையில் தொலைக்காட்சியும் சமையலும் படிப்பும் நடக்கும் வீடுகள் நம் பகுதியில் அதிகம். இரவெல்லாம் கண்டெய்னர் லாரி ஓடும் சாலையை ஒட்டிய வீடு என்றால் சொல்லவே வேண்டாம். விடியற்காலை நேரம் ஓரளவு அமைதியாக இருக்கும். மனப்பாடப் பகுதிகளை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கிளை நூலகத்தில் இடம் கிடைத்தால் எழுதிப் பழகுவதை அங்கே செய்யலாம். கொளத்தூருக்கு அருகில் இருப்பவர்கள் அங்குள்ள முதல்வர் படைப்பகத்தின் படிப்பிடத்தையும் விசாரித்துப் பார்க்கலாம். நண்பர்களோடு சேர்ந்து படிப்பதானால் ஆளுக்கொரு நாட்டின் பக்கம் நின்று, போருக்கு யார் காரணம் என்று வாதாடுங்கள். ஆனால் மூன்று பேருக்கு மேல் சேர்ந்தால் வரலாறு போய்க் கிரிக்கெட் வந்துவிடும்.

தேர்வுக்கு முந்தைய வாரத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஒன்பது ஆண்டுகள், “அதனால்” வரிசைத் தாள்கள், குழப்பம் தீர்க்கும் நான்கு கட்டம், சிவப்பு எழுத்துகள் ஆகியவற்றைப் புரட்டிவிட்டு, முழு வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். தேர்வறையில் வினாத்தாளைப் படிக்கத் தரும் நேரத்தில், எழுதப் போகும் ஐந்து மதிப்பெண் வினாக்களை முதலில் மனத்தில் தேர்ந்துகொள்ளுங்கள். காலக்கோடும் வரைபடமும் குறைந்த நேரத்தில் நிறைய மதிப்பெண் தருபவை என்பதால் அவற்றைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள்.