மீன் தொட்டி எத்தனை அடி? வாங்கும் முன் அறையை அளக்கும் முறை

மீன் தொட்டி வாங்கப் போகிறவர்களில் பலர் கடைக்குள் நுழைந்த பிறகுதான் அளவைப் பற்றி யோசிக்கிறார்கள். சென்னை கொளத்தூர் மாதிரி வரிசையாகக் கடைகள் இருக்கும் இடத்தில், நாலடித் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டடித் தொட்டி பொம்மை போலத் தெரியும். அதே இரண்டடி வீட்டு ஹாலுக்கு வந்ததும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அளவை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள். தேவையானவை: இஞ்ச் டேப், சாக்பீஸ், ஒரு பழைய அட்டைப்பெட்டி, ஒரு 15 லிட்டர் வாளி. வாளி எதற்கு என்று தோன்றும். தொட்டி எத்தனை அடி என்பதைக் கடைசியில் தீர்மானிக்கப் போவது அந்த வாளிதான்.

படி 1: வேண்டாத சுவர்களைக் கழித்துவிடுங்கள்

வெயில் நேராக விழும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம். தினம் இரண்டு மணி நேர வெயில் பட்டாலே கண்ணாடியில் பச்சைப் பாசி படியும், சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறும். கதவு திறந்தால் இடிக்கும் சுவரும், ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது.

பலரும் கவனிக்காதது கொசு விரட்டி. காற்றுக் குமிழி விடும் ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கொசுவர்த்தியிலும் பிளக்கில் செருகும் லிக்விடிலும் உள்ள பைரெத்ராய்டு வகை மருந்து மீன்களுக்குக் கடும் விஷம். மூடிய படுக்கையறையில் இரவு முழுக்க லிக்விட் எரியும் வீடு என்றால் தொட்டியை ஹாலில் வையுங்கள்.

மிஞ்சிய சுவரில் பிளக் பாயிண்ட் தொட்டிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், நேர் கீழே இருக்கக் கூடாது. ஒயர் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி மேலேறிப் போகட்டும். வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

படி 2: தரையில் சாக்பீஸால் வரையுங்கள்

ஒரு 10×12 அடி ஹாலை எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து 4 அங்குலம் விட்டு, அதற்கு முன்னால் தொட்டியின் நீள அகலத்தை வரையுங்கள். பின்பக்க 4 அங்குலம் பின்னால் தொங்கவிடும் ஃபில்டருக்கும் ஒயர்களுக்கும். முன்னால் நடக்க 3 அடி இருக்க வேண்டும். கோட்டின் மேல் அட்டைப்பெட்டியை வைத்து இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். யாருடைய கால் எத்தனை முறை இடிக்கிறது என்று பார்த்தால் போதும்.

உட்கார்ந்து பார்க்கும் தூரமும் முக்கியம். சோபா 9, 10 அடி தள்ளி இருந்தால் இரண்டடித் தொட்டியில் நியான் டெட்ரா மாதிரிச் சின்ன மீன் புள்ளியாகத்தான் தெரியும். 5, 6 அடிக்குள் உட்காருகிற அறைக்கு இரண்டடி நன்றாகப் பொருந்தும். 10×12 ஹாலில் மூன்றடிக்கு மேல் போவதை நாம் பரிந்துரைப்பதில்லை.

படி 3: லிட்டரும் எடையும்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்கி, விடையை 28.3 ஆல் பெருக்கினால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். 2×1×1 தொட்டி 56.6 லிட்டர். மேலே ஓரங்குலம் காலி விட்டு, அடியில் 2 அங்குலம் சரளைக்கல் போட்டால் உண்மையில் நிற்கும் தண்ணீர் சுமார் 47 லிட்டர்.

லிட்டருக்கு ஒரு கிலோ என்று தண்ணீர் 47 கிலோ. சரளைக்கல் 14 கிலோ, 5 மி.மீ. கண்ணாடி 9 கிலோ. ஆக 70 கிலோ, ஸ்டாண்ட் தனி. ஒரு ஆள் நிற்கும் பாரம்தான்.

3×1.5×1.5 தொட்டியில் கணக்கு மாறிவிடும். தண்ணீர் 160 கிலோ, சரளைக்கல், 8 மி.மீ. கண்ணாடி இரண்டும் தலா 33 கிலோ, ஸ்டாண்டோடு சேர்த்துச் சுமார் 260 கிலோ. நீளம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தண்ணீர் மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது. நாலடியில் (4×1.5×1.5) மொத்தம் 350 கிலோவைத் தொடும்.

படி 4: தரை தாங்குமா?

தரைத்தளத்தில் கவலை குறைவு. மாடியில்தான் யோசிக்க வேண்டும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 வீட்டு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ பாரம் என்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. மூன்றடித் தொட்டி நிற்கும் இடம் அரைச் சதுர மீட்டர்கூட இல்லை, அதில் 260 கிலோ. பயப்பட வேண்டாம், ஒரே இடத்துப் பாரத்தைக் கான்கிரீட் தளம் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் அறையின் நடுவில் வைக்காமல் பாரம் தாங்கும் சுவரை ஒட்டியோ பீமுக்கு மேலேயோ வையுங்கள். பால்கனியில் மூன்றடி வேண்டாம். நாலடியும் அதற்கு மேலும் மாடியில் வைப்பதென்றால் கட்டட இன்ஜினியரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தளம் தாங்கினாலும் டைல்ஸ் உடையலாம். இரும்பு ஸ்டாண்டின் நான்கு கால்களில் ஒவ்வொன்றும் 60, 65 கிலோவை ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் இறக்குகிறது. கால் வரும் இடங்களை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. காலிப் பானையைத் தட்டினது போல் ஒலித்தால் அடியில் சிமெண்ட் சரியாக நிரம்பவில்லை, அந்த டைல் விரிசல் விடும். இடத்தை அரை அடி நகர்த்துங்கள், அல்லது கால்களுக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை முழு நீளத்துக்கும் போடுங்கள்.

படி 5: வாளிக் கணக்கு

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். ஃபில்டர் அழுக்கைப் பிடிக்கும், மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டை வெளியேற்றாது. இரண்டடித் தொட்டிக்கு 12 லிட்டர், ஒரு வாளி. மூன்றடிக்கு 40 லிட்டர், மூன்று வாளி வெளியே, மூன்று வாளி உள்ளே. நாலடிக்கு நான்கும் நான்கும். தொட்டி வைக்கப்போகும் இடத்திலிருந்து குளியலறைக்கு 15 லிட்டர் வாளியை நிரப்பி இப்போதே ஒருமுறை தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். வாரா வாரம் இதை ஆறு தடவை செய்ய முடியும் என்று தோன்றினால் மூன்றடி வாங்கலாம்.

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது. குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். 40 லிட்டரைத் திறந்து வைக்க ஒரு டிரம்முக்கும் இடம் வேண்டும்! தொட்டிகளைக் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் சலிப்பது மீனால் அல்ல, இந்தச் சுமையால்.

அதற்காகக் கண்ணாடிக் கிண்ணத்துக்கும் போய்விடாதீர்கள். 8, 10 லிட்டரில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலோ இரை கொஞ்சம் அதிகமானாலோ ஒரே இரவில் மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறிவிடும். 47 லிட்டரில் அதே தவறு நீர்த்துப்போகும், திருத்த நேரம் கிடைக்கும். புதியவர்களுக்கு இரண்டடிக்குக் கீழே வேண்டாம்.

படி 6: உயரம் வேண்டாம், நீளம் போதும்

இடம் இல்லையே என்று ஒல்லியாக உயர்ந்த தொட்டி வாங்குவது வழக்கம். காற்றிலிருந்து ஆக்ஸிஜன் தண்ணீருக்குள் போவது மேற்பரப்பு வழியாக. உயரத்தைக் கூட்டினால் தண்ணீர் கூடும், மேற்பரப்பு அப்படியே இருக்கும். நம் கோடையில் இது உறைக்கும்: 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 32 டிகிரியில் 7.3தான். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்று போதவில்லை என்று பொருள்.

ஒன்றரை அடி உயரத்துக்குள் இருந்தால் கை அடிவரை எட்டும். மேலே பரணோ அலமாரியோ இருந்தால் இடையில் ஓரடி விடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க இரண்டரை அடி ஸ்டாண்ட், தரையில் உட்காரும் வீட்டுக்கு இரண்டடி ஸ்டாண்ட்.

படி 7: மீனோடு ஒத்துப் பாருங்கள்

இரண்டடிக்கு ஆண் கப்பி எட்டு, அல்லது நியான் டெட்ரா பத்து. தங்கமீன் கடையில் இரண்டு அங்குலம், வளர்ந்தால் 8 அங்குலம் தாண்டும். அதற்கு மூன்றடி வேண்டும். ஆஸ்கர் ஓரடி வளரும் மீன். ஓரடி அகலத் தொட்டியில் அதனால் திரும்பவே முடியாது. பாசி தின்னும் என்று சொல்லித் தரப்படும் சக்கர் மீனும் ஓரடியைத் தாண்டும், இரண்டடித் தொட்டிக்கு அது வேண்டாம்.

தொட்டி வீட்டுக்கு வந்ததும்

ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்து நீளவாட்டிலும் அகலவாட்டிலும் பாருங்கள். பிறகு 10 மி.மீ. தெர்மாகோல் விரித்து அதன்மேல் தொட்டி. மேடு பள்ளம் இருந்தால் அடிக்கண்ணாடி அந்த இடத்தில்தான் விரியும். கல் எதுவும் போடாமல் பாதி நிரப்பி, விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் போனால் தண்ணீரை இறைத்துவிட்டு ஸ்டாண்ட் காலுக்கு அடியில் தகடு வையுங்கள், நிறைந்த தொட்டியை நெம்பக் கூடாது. சரியாக இருந்தால் முழுக்க நிரப்பி, சிலிக்கான் ஒட்டிய மூலைகளுக்குக் கீழே செய்தித்தாளை விரித்து 24 மணி நேரம் விடுங்கள். எந்த மூலையில் தாள் நனைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. தாள் காய்ந்தே இருந்தால் சரளைக்கல்லைக் கழுவ ஆரம்பிக்கலாம்.