கேம்பர் ஆனிங் சத்தம் போடுதா? எண்ணெய் ஸ்ப்ரேயை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நாங்க இருக்குறது டெக்சாஸ்ல, ஆஸ்டின் பக்கம். டிராவல் ட்ரெய்லர், அதாவது வண்டி பின்னாடி இழுத்துட்டுப் போற சின்ன வீடு, வாங்கி நாலு வருஷம் ஆச்சு. ஆனிங்னா அதோட பக்கச் சுவர்ல இருந்து நிழலுக்கு வெளிய விரியுற துணிக் கூரை; துணி ஒரு ரோலர்ல சுருண்டிருக்கும், ரெண்டு பக்கமும் உலோகக் கை தாங்கும், மோட்டார் சுத்தும். போன வருஷம் மார்ச்ல இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்ல போய் நிறுத்திட்டு ஆனிங் ஸ்விட்சை அமுக்குனா, சர்ருன்னு பெருசா ஒரு சத்தம், பக்கத்து சைட்ல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நானும் யோசிக்கவே இல்ல, கராஜ்ல எல்லார் வீட்லயும் இருக்குமே அந்த சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே, அதை எடுத்து ரெண்டு பக்கக் கையிலயும் இருக்குற எல்லா ஜாயின்ட்லயும் அடிச்சு விட்டேன். அன்னைக்கு சத்தம் கொஞ்சம் கொறஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டே ட்ரிப்ல ரோட்டுப் புழுதி மொத்தமும் அந்த எண்ணெய்ல ஒட்டி, ஜாயின்ட் உள்ள உப்புத்தாள் வச்சு தேய்க்குற மாதிரி ஆயிருச்சு, முன்னைவிட மோசம்.

இதுதான் நெறைய பேர் பண்ற முதல் தப்பு. ஆனிங் கையில இருக்குற ரிவெட், பிவட் (கை மடங்குற ஜாயின்ட்) இதுக்கெல்லாம் காய்ஞ்சு போற வகை சிலிகான் ஸ்ப்ரேதான் போடணும். அதுவும் முதல்ல ஈரத்துணியால அழுக்கை வழிச்சு எடுத்துட்டு, காய விட்டு, அப்புறம் லேசா அடிச்சுட்டு, ரெண்டு மூணு தடவை ஆனிங்கை உள்ள வெளிய ஓட்டி, மிச்சத்தைத் துடைச்சு விடணும். கிரீஸ், என்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம், வெட்டவெளியில நிக்கிற சாமானுக்கு அது புழுதியை இழுக்குற பசை.

ஆனா என் விஷயத்துல உண்மையான கோளாறு ஜாயின்ட்லயே இல்லங்க. அதைக் கண்டுபிடிச்சது என் மனைவி. நான் ஸ்விட்சை அமுக்கிட்டு நிக்கிறேன், அவ வெளிய நடந்து நடந்து கேட்டுட்டு, "ஏங்க, சத்தம் கையில இல்லங்க, மேல ரோலர் ஓரத்துல வருது"ன்னா. ஏணி போட்டு ஏறிப் பாத்தா, பாயைக் கோணலா சுருட்டுனா ஒரு பக்கம் ஓரம் பிதுங்கி நிக்குமே, அதே மாதிரி துணி ஒரு இன்ச் பக்கவாட்டுல நகர்ந்து, ஓரம் போய் ரோலர் முனை மூடியில உரசிட்டு இருக்கு. ட்ரெய்லர் சுவர்ல துணியைப் பிடிச்சிருக்குற தண்டவாளம் மாதிரி ரெயில் இருக்கும், அதோட ரெண்டு முனையிலயும் துணி நகராம இருக்க ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டிருப்பாங்க. எங்களோடதுல ஒரு பக்கம் ஸ்க்ரூ விழுந்தே போச்சு. துணியை இழுத்து நடுவுக்குக் கொண்டு வந்து புது ஸ்க்ரூ போட்டதும் முக்கால்வாசி சத்தம் போயிருச்சு. மிச்சம் கால்வாசி லைவ் ஓக் மரத்தோட வேலை. இந்த மரம் மத்த மரம் மாதிரி அக்டோபர் நவம்பர்ல கொட்டாது, நம்மூர் வேம்பு மாதிரி மார்ச்லதான் மொத்தமா இலையைக் கொட்டும். அந்தக் குச்சியும் இலையும் துணியோட சேந்து சுருண்டு உள்ள போயி நொறுங்குற சத்தம் அது. உள்ள இழுக்குறதுக்கு முன்னாடி நீளக் கம்புத் துடைப்பத்தால மேல ஒரு தடவை தள்ளி விட மறக்காதீங்க, சத்தம் ஒரு பக்கம்னா துணி ஓட்டையாகுறது இன்னொரு பக்கம்.

அதனால சத்தம் எங்க இருந்து வருதுன்னு தெரியாம எதையும் அடிக்காதீங்க, எதையும் வாங்காதீங்க. ஒருத்தர் ஸ்விட்ச்ல, ஒருத்தர் வெளிய, அவ்ளோதான். கிரீச்னா பிவட். சர்ருன்னு தொடர்ந்து உரசுனா துணி. மோட்டார் பக்கம் ம்ம்ம்னு முக்கி முக்கி மெதுவா சுத்துனா, மோட்டார் போச்சுன்னு உடனே ஆர்டர் போட்டுறாதீங்க, அது பெரும்பாலும் கரண்டு பத்தலைன்னு அர்த்தம். இது 12 வோல்ட் மோட்டார். லெட் ஆசிட் பேட்டரி முழுசா சார்ஜ் ஆனா 12.6 வோல்ட் காட்டும், 12-க்குக் கீழ போனா கிட்டத்தட்ட காலிதான். பார்க்ல கரண்டு ப்ளக் போட்டிருக்கும்போது நல்லா ஓடி, பேட்டரியில மட்டும் முக்குனா கோளாறு பேட்டரி பக்கம். ரெண்டுலயும் முக்குனா வோல்ட் அளக்குற மல்டிமீட்டரை மோட்டார் வயர்லயே வச்சு, ஓடிட்டு இருக்கும்போது பாருங்க, ஓடாதப்ப பாத்தா எல்லாம் சரியாதான் காட்டும். பேட்டரியில 12.5 இருந்து மோட்டார்ல 10 வந்தா நடுவுல எங்கயோ கனெக்டரோ கிரவுண்ட் வயரோ துருப்பிடிச்சிருக்கு. என் ஃப்ரெண்டு ஒருத்தர் புது மோட்டாருக்குக் காசு கட்டுன பிறகுதான் பச்சை பூத்த ஒரு கனெக்டரைப் பாத்தார்.

டக் டக்னு அடிச்சு, மோட்டார் சுத்துது ஆனா ரோலர் சுத்தலைன்னா மட்டும்தான் கியர் தேஞ்சிருக்கலாம். அப்ப திரும்பத் திரும்ப அமுக்காதீங்க. இன்னொண்ணு, இதை ரொம்ப அக்கறையோட சொல்றேன், யூட்யூப் பாத்துட்டு ரோலர் முனையைத் தானே கழட்டாதீங்க. சில மாடல்ல உள்ள முறுக்கி வச்ச ஸ்ப்ரிங் இருக்கு, பின் போட்டு லாக் பண்ணாம கழட்டுனா விர்ருனு சுத்தி உங்க கையை உடைச்சிரும். ஆனிங் கையில இருக்குற கேஸ் ஸ்ட்ரட்டும் (கேஸ் அடைச்ச குழாய்) அப்படித்தான், உள்ள அழுத்தத்துல இருக்கு, அதைத் திறக்கவோ ஓட்டை போடவோ கூடாது.

ஸ்விட்சை அமுக்கிட்டு வேற பக்கம் பாக்குறதும் பெரிய தப்பு. நெறைய மாடல்ல முழுசா வெளிய வந்ததும் தானா நிக்காது, நீங்க அமுக்கிட்டே இருந்தா ரோலர் சுத்திட்டே இருந்து துணியைத் தலைகீழா சுருட்ட ஆரம்பிச்சிரும். அப்புறம் உள்ள இழுக்குறப்ப கன்னாபின்னான்னு உரசும், ஒழுங்கா மூடவும் மூடாது. சரியா இருக்கும்போதே, துணி ரோலர்ல மேல் பக்கமா ஏறுதா கீழ் பக்கமா ஏறுதான்னு ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்குங்க.

சுவர்ல கை மாட்டியிருக்குற இடத்துல முனகுற மாதிரி சத்தம் வந்தா அதை லேசா எடுத்துக்காதீங்க. ஸ்க்ரூ லூசாயிருக்கலாம், டைட் பண்ணா போதும். ஆனா சுத்தி உள்ள சுவரைக் கட்டை விரலால அமுக்குங்க, மெத்துனு உள்ள போனா உள்ள மரம் ஊறிப் போயிருக்கு, அது ஆனிங் பிரச்சனையே இல்ல, தண்ணி உள்ள இறங்குற பிரச்சனை.

மழைக்கு ஆனிங்கை மட்டமா விட்டு வைக்காதீங்க. 16 அடி நீளம், 8 அடி வெளிய வர்ற துணி மேல ஒரு இன்ச் மழை பெஞ்சா விழற தண்ணி கிட்டத்தட்ட 300 லிட்டர். அதுல பாதி தேங்குனாலும் 150 கிலோ, கை வளைஞ்சிரும், வளைஞ்ச கை அதுக்கப்புறம் சத்தமில்லாம மூடுனதா நான் பாத்ததில்ல. ஒரு பக்கத்தைத் தாழ்த்தி வழிய விடுங்க, காத்து கெளம்புனா உள்ள இழுத்துருங்க. ஈரமா சுருட்ட வேண்டி வந்தா வீட்டுக்குப் போன உடனே திறந்து காய வைங்க, இல்லன்னா பூஞ்சை வந்து துணி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிரியுறப்ப பட்டாசு மாதிரி பொரியும். கழுவ வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் தேய்க்குற லிக்விட் கொஞ்சம், மெத்து பிரஷ், அவ்ளோதான். ப்ரெஷர் வாஷர் வேண்டாம்.

வண்டி ஓடும்போது படபடன்னு அடிச்சா துணி லூசா சுருண்டிருக்கு. முழுசா வெளிய விட்டு, நேரா இருக்கான்னு பாத்து, திரும்ப இறுக்கமா சுருட்டுங்க. அதுக்கு மேல பாதுகாப்புக்கு நான் ரெண்டு கையிலயும் ஸ்ட்ராப் கட்டுறேன், கட்டுனதும் உள்ள போயி ஸ்விட்ச் மேல ஒரு சிவப்பு டேப் ஒட்டிருவேன். ஏன்னா ஸ்ட்ராப் அவுக்காம ஸ்விட்சை அமுக்குனா, மோட்டார் வெளிய தள்ளும், ஸ்ட்ராப் விடாது, வளையுறது கைதான்.