ஆர்கானிக் ஒயின் வாங்குமுன் லேபிளைப் படியுங்கள்

கலிஃபோர்னியாவின் மென்டசினோ மாவட்டத்தில் உள்ள ரெட்வுட் பள்ளத்தாக்கில், ஃப்ரே குடும்பத்தினர் 1980-இல் தொடங்கிய ஒயின் ஆலை, அமெரிக்காவின் முதல் ஆர்கானிக் ஒயின் ஆலையாக அறியப்படுகிறது. 2017 அக்டோபர் காட்டுத்தீயில் ஆலை எரிந்துபோன பிறகும், ஒயின் கெடாமல் காக்கும் பொருளான சல்ஃபைட்டைச் சேர்க்காமல் ஒயின் தயாரிக்கும் வழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அமெரிக்க ஒயினை வாங்குவோர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். லேபிளில் 'ஆர்கானிக் ஒயின்' என்றிருந்தால் சல்ஃபைட் சேர்க்கப்படவில்லை என்று பொருள். 'ஆர்கானிக் திராட்சையில் தயாரித்தது' என்றிருந்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஐரோப்பிய விதிப்படியோ, ஆர்கானிக் ஒயினிலேயே ஓரளவு சேர்க்க அனுமதி உண்டு. (நொதிக்கும்போதே சிறிதளவு சல்ஃபைட் தானாக உண்டாகும்.)

சல்ஃபைட் சேர்க்காத ஒயினுக்குக் காற்றும் வெப்பமும் ஆகாது. ஆகவே பாட்டிலை இருட்டான, குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து, திறந்தபின் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. நறுக்கிய ஆப்பிள் நிறம் மாறுவதுபோல் வெள்ளை ஒயின் பழுப்பேறி, காடி வாடை வீசினால் அது கெட்டுவிட்டது. அடியில் படியும் வண்டல் கெடுதல் அல்ல; பாட்டிலைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்து மெல்லச் சாய்த்து ஊற்றினால், வண்டல் அடியிலேயே தங்கிவிடும்.