ஆட்டுத் தோலை வீட்டில் பதனிடும்போது எங்கே தவறுகிறோம்?

கெடா வெட்டு நடந்த வீட்டில் தோலைக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அப்படிக் கேட்டு வாங்கி வந்த என் முதல் தோல் மூன்றாம் நாளே நாறி, குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது தோல் காய்ந்ததும் அட்டை மாதிரி விறைத்து, மடித்த இடத்தில் வெடித்தது. மூன்றாவதில்தான் ஒரு சின்னப் பை தைக்க முடிந்தது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பதனிடப் போட்ட மரப்பட்டை ஒன்றுதான், தொட்டியும் ஒன்றுதான். பட்டைத் தண்ணீருக்குள் போவதற்கு முன்னால் செய்த வேலைதான் வேறு. புதிதாக ஆரம்பிக்கிற எல்லாரும் பட்டையைப் பற்றியே கேட்கிறார்கள். தோல் கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்னால்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் மான் தோல் பதனிடும் வீடியோக்கள்தான் நிறைய வரும். அவை பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் எடுத்தவை. அங்கே உரிமம் வாங்கி, பருவம் பார்த்து மான் வேட்டையாடலாம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சாலையில் அடிபட்டுச் செத்துக் கிடக்கும் மானும் அரசின் சொத்துதான், அதன் தோலை எடுத்து வரக் கூடாது. அதனால் இங்கே ஆட்டுத் தோலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம் ஊருக்கு அதுவே பொருத்தம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட வெள்ளாட்டுத் தோல் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய காலம் உண்டு.

எந்த ஆட்டின் தோல் என்பதிலேயே தவறு நடக்கும். திடீரென்று செத்துப்போன ஆட்டின் தோல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று தூக்கி வராதீர்கள். அது அடைப்பான் நோயில் செத்திருந்தால், அதாவது ஆந்த்ராக்ஸ், தோலைத் தொடுகிற கையிலிருக்கும் சிறு கீறல் வழியாகவே கிருமி நமக்குள் வந்துவிடும். ஆரோக்கியமாக இருந்து, கண் முன்னால் அறுத்த ஆட்டின் தோல் மட்டும் போதும்.

அடுத்தது பாலித்தீன் பை. உரித்த சூட்டோடு தோலைப் பையில் திணித்து வண்டியில் மாட்டிக்கொண்டு வருவோம். அந்தச் சூடும் ஈரமும் கிருமிக்கு விருந்து. நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உப்புப் போட்டாக வேண்டும். இரண்டு கிலோ தோலுக்கு ஒரு கிலோ உப்பு. கையளவு தூவினால் பயனில்லை. கல்லுப்பை நொறுக்கி, சதைப் பக்கம் முழுக்க, ஓரம் கழுத்து எதையும் விடாமல் தேய்த்து, தண்ணீர் வடியும்படி சாய்வாகப் போடுங்கள். மறுநாள் இன்னொரு கை உப்பு. வெயிலில் காயப்போடுவது அதைவிடப் பெரிய தவறு. ஈரமான பச்சைத் தோல் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியசில் சுருங்கிப் பசையாகத் தொடங்கிவிடும். சித்திரை மாத மொட்டைமாடித் தளம் எப்படிச் சுடும் என்று நமக்குத் தெரியும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே அழுகிக்கொண்டிருக்கும்.

பிறகு உப்புப் போக நன்றாக அலசி, ஊறவைத்து, சதையையும் ஜவ்வையும் சீவி எடுக்க வேண்டும். கூரான கத்தி வேண்டாம், தோல் ஓட்டையாகிவிடும். ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சாய்த்து வைத்து, அதன்மேல் தோலை விரித்து, மழுங்கிய கத்தியால் தள்ளித் தள்ளி எடுத்தால் ஜவ்வு தாளாக உரிந்து வரும். ஜவ்வு விட்டுப்போன இடத்தில் சுண்ணாம்பும் சரியாக ஏறாது, பட்டைச் சாறும் ஏறாது.

முடி போக, சுண்ணாம்புத் தண்ணீர். பத்து லிட்டர் தண்ணீருக்கு நீற்றிய சுண்ணாம்பு அரைக் கிலோ போதும். சுண்ணாம்பு அதிகம் கரையாது, அடியில் படிந்துவிடும். அதனால் தினமும் இரண்டு மூன்று முறை கிளறிவிட வேண்டும். கிளறாமல் விட்டால் ஒரு பக்கம் முடி கழன்று, இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும். ஐந்தாறு நாளில் கட்டைவிரலால் தள்ளினாலே முடி வழுக்கிக்கொண்டு வரும், அதுதான் பதம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சீக்கிரம் முடி போகுமென்று யாராவது சோடியம் சல்ஃபைடு வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். அதில் அமிலம் பட்டால் வருகிற வாயு ஆளைக் கொல்லும்.

இப்போது என் இரண்டாவது தோல் ஏன் வெடித்தது என்பதற்கு வருகிறேன். முடி போன தோலை நாலு தண்ணீரில் அலசினேன், வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது, சுண்ணாம்பு போய்விட்டது என்று நினைத்துப் பட்டைத் தண்ணீரில் போட்டேன். தோலின் நடுவே சுண்ணாம்பு அப்படியே இருந்திருக்கிறது. சுண்ணாம்பும் பட்டைத் துவர்ப்பும் சேர்ந்தால் தோல் கறுத்து மொரமொரப்பாகிவிடும். திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், முப்பது வருடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அந்தத் தோலை மடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆரத்தித் தட்டு பாத்திருக்கியா? அதுதான் கணக்கு" என்றார்.

கழுத்துப் பக்கம் கனமான இடத்தில் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டை நறுக்கச் சொன்னார். நறுக்கிய முகத்தில் மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு. இரண்டு ஓரமும் மஞ்சளாகவே நிற்க, நடுவில் மட்டும் குங்குமக் கோடு மாதிரி ஒரு சிவப்பு. சுண்ணாம்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைக்கிற எல்லா வீட்டிலும் அறிவோம். இந்த வேலைக்கு அதைவிட நல்ல சோதனை வேண்டியதில்லை. பாதுகாத்து வைத்திருந்த மூன்றாவது தோலை ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, அப்புறம் புளிக்கவைத்த கோதுமைத் தவிட்டுத் தண்ணீரில் ஒரு நாள் போட்டேன். நறுக்கிய துண்டில் சிவப்பு அறவே இல்லாமல் ஆனபிறகுதான் பட்டைத் தொட்டி. இந்தக் கைவேலையைத் தலைமுறைகளாகச் செய்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். அவர்கள் விரல்நுனியில் வைத்திருந்தது வேதியியல்.

சரி, பட்டை. ஆவாரம்பட்டை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கருவேலம்பட்டை. தோல் எடைக்கு இரண்டு மடங்கு காய்ந்த பட்டை வைத்துக்கொள்கிறேன். செடியில் பட்டை எடுப்பவர்கள் தண்டைச் சுற்றி உரிக்காமல், கிளையை வெட்டி உரியுங்கள், செடி மறுபடி துளிர்க்கும். காய்ச்சிய சாறு முழுக்க ஆறிய பிறகே தோலைப் போட வேண்டும். சுண்ணாம்பில் ஊறி வந்த தோல் பச்சைத் தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கும்.

இரும்பு வாளி, இரும்புக் கம்பி எதுவும் கூடாது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கலம்காரித் துணியில் கடுக்காய் ஊட்டிய இடத்தில் இரும்புச் சாற்றால் கறுப்புக் கோடு எழுதுவது இதே வித்தைதான், தோலில் அது அழியாத கறை. பிளாஸ்டிக் தொட்டி போதும்.

ஆரம்பத்திலேயே கெட்டிச் சாறு ஊற்றுவது ஆர்வத்தில் எல்லாரும் செய்வது. மேல்தோல் உடனே இறுகி வழியை அடைத்துவிடும், உள்ளே பச்சையாகவே நிற்கும். வெறும் டீத்தண்ணீர் நிறத்தில் தொடங்கி, நாலைந்து நாளுக்கு ஒருமுறை கெட்டியாக்குங்கள். ஆட்டுத் தோலுக்கு மூன்று வாரமாவது ஆகும். மறுபடி கழுத்தில் ஒரு துண்டு நறுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் நாள் வேண்டும். கடைசியில் இரண்டு நாள் கடுக்காய்த் தண்ணீர், நிறம் வெளுத்துத் தெளியும். கொட்டையை நீக்கிவிடுங்கள், துவர்ப்பு முழுக்கச் சதையில்தான். மருந்துக்கும் கொட்டையை எடுக்கத்தானே சொல்வார்கள்.

படிகாரமும் உப்பும் போட்டு ஒரு வாரத்தில் முடிக்கலாம் என்பார்கள். தோல் வெள்ளையாக மெத்தென்று வரும், ஆனால் நன்றாக நனைந்தால் படிகாரம் கரைந்து போய்த் தோல் பச்சையாகிவிடும். பையோ செருப்போ தைக்க அது ஆகாது. அதேபோல, பறையில் கட்டுகிற தோல் பதனிட்டதல்ல, பச்சைத் தோலை இழுத்துக் காயவைத்தது. அதனால்தான் தீயில் காட்டினால் இறுகி அந்தச் சத்தம் தருகிறது.

சுண்ணாம்புத் தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ ஊற்றவே கூடாது. பாலாற்றங்கரையில் தோல் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்து, 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. நம்முடையது ஒரு தோல்தான் என்றாலும் அதே உப்புதான். உப்பு நீரை அகலமான தட்டில் வெயிலில் வற்றவைத்து, தங்கும் உப்பை வாரி எடுத்து அடுத்த தோலுக்கு வைத்துக்கொள்ளாமல் அப்புறப்படுத்துங்கள்.

கடைசியாக எண்ணெய். தோல் முழுக்கக் காய்ந்தபிறகு தடவினால் மேலேயே பிசுபிசுக்கும். பிழிந்து, ஈரம் பாதி இருக்கும்போது புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ மெல்லிசாகத் தேய்த்து நிழலில் மாட்டுங்கள். காயக் காய ஒரு மணிக்கு ஒருமுறை இறக்கி, திண்ணை விளிம்பில் இரண்டு கையாலும் இழுத்து உரசுங்கள். இழுக்காமல் தொங்கவிட்ட தோல் அப்பளமாகும். கழுத்துப் பகுதி மட்டும் எப்போதும் முரண்டு பிடிக்கும். அங்கே ஈரத்துணியைப் போட்டு இரவு வைத்து, காலையில் இன்னொரு தடவை எண்ணெய் தேய்த்து இழுத்தால் வழிக்கு வரும்.