சுவான்சோ: பழைய துறைமுக நகரத்தை நடந்து பார்ப்பது எப்படி

முதலில் டிக்கெட்டில் ஊர்ப்பெயரைச் சரிபாருங்கள். ஆங்கில எழுத்தில் 'க்யூ'வில் தொடங்கினால்தான் சுவான்சோ. 'ஜி'யில் தொடங்குவது குவாங்சோ. அது வேறு மாநிலம், பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போனில் சொல்லி டிக்கெட் எடுத்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழும். எழுத்தில் வாங்கிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

சுவான்சோ ஃபூஜியன் மாநிலக் கடற்கரையில் இருக்கிறது. சோங், யுவான் அரசுகளின் காலத்தில் (10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) ஆசியாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் 'ஜெய்த்தூன்' என்று எழுதியது இந்த ஊரைத்தான். அந்தப் பெயர் 'சிதோங்' என்ற மரத்திலிருந்து வந்தது. அது வேறொன்றுமில்லை, நம் கல்யாண முருங்கை. வசந்த காலத்தில் போனால் அதன் சிவப்புப் பூவை அங்கேயும் பார்க்கலாம். 2021இல் ஊரிலும் சுற்றிலுமாக 22 இடங்கள் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அந்த 22ஐயும் ஒரே பயணத்தில் முடிக்க முயலாதீர்கள். பல இடங்கள் நகரத்துக்கு வெளியே, ஒன்றுக்கொன்று வெகுதூரம். இரண்டரை நாள் ஒதுக்கி, ஏழெட்டு இடங்களை நிதானமாகப் பார்ப்பதே சரி.

புறப்படும் முன்

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா 2025 ஜூலையில் மீண்டும் தொடங்கியது. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் இருந்தால் 30 நாள் வரை விசா வேண்டாம். விதிகள் அடிக்கடி மாறுவதால், விமான டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விசாவைவிட அதிகம் பேரைத் தடுமாற வைப்பது போன். நான்கு வேலைகளை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டப் பயன்படும் அலிபே செயலியை நிறுவி, பாஸ்போர்ட் கொடுத்து அடையாளம் சரிபார்த்து, விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணையுங்கள். ரூபே அட்டையை நம்பிப் போக வேண்டாம். வங்கிச் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைப்பதும் அவசியம். இந்திய அட்டைகளில் அது பெரும்பாலும் மூடியே இருக்கும். அட்டையை இணைக்கும்போது ஓடிபி ஊர் எண்ணுக்குத்தான் வரும். சீனாவில் இறங்கிய பிறகு இணைத்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், ரோமிங் இல்லாத சிம்முடன் விமான நிலையத்திலேயே நின்றுவிடுவார்கள். வெளிநாட்டு அட்டைக்கு ஒரு தடவை 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம். சாப்பாடு, டாக்ஸி எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஓட்டல் வாடகையை மட்டும் முன்பதிவின்போதே கட்டிவிடுங்கள். கையில் 300, 400 யுவான் சில்லறை நோட்டாக இருக்கட்டும்.

அடுத்தது இணையம். கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் அங்கே திறக்காது. ஆனால் வெளிநாட்டு ரோமிங் சிம்மோ இ-சிம்மோ போட்டிருந்தால் திறக்கும், ஏனென்றால் தரவு உங்கள் ஊர் நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வருகிறது. ஓட்டல் வைஃபைக்கு மாறியதும் மறுபடி மூடிக்கொள்ளும். 'காலையில் வாட்ஸ்அப் வேலை செய்தது, இரவில் செய்யவில்லை' என்று புலம்புவோர் எல்லாரும் வைஃபையில் இருப்பவர்கள்தான்.

மூன்றாவது வரைபடம். சீனாவில் கூகுள் வரைபடம் இடத்தைச் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். சாலையில் இது பெரிய தொல்லையில்லை. சந்துகள் நிறைந்த பழைய நகரத்தில் வேறு தெருவுக்கே கொண்டுபோய் விட்டுவிடும். ஆமேப் செயலியைப் பயன்படுத்துங்கள், ஆங்கிலத்திலும் வருகிறது. நான்காவதாக, ஓட்டல் பெயர், முகவரி, பார்க்கப்போகும் இடங்களின் பெயர் எல்லாவற்றையும் சீன எழுத்தில் படமாகச் சேமித்து வையுங்கள். நம் உச்சரிப்பு டாக்ஸி ஓட்டுநருக்குப் புரியாது. படத்தைக் காட்டினால் போதும்.

போய்ச் சேர்வது

சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் மாறி ஷியாமென் வரை விமானம், அங்கிருந்து ரயில்: தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது வசதியான வழி. அதிவேக ரயிலில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். சுவான்சோவுக்குப் பக்கத்திலேயே ஜின்ஜியாங் விமான நிலையமும் உண்டு, பழைய நகரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்.

ரயிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2023 செப்டம்பரில் புதிய அதிவேகப் பாதை திறந்த பிறகு இந்த ஊருக்குப் பல நிலையங்கள். வெறும் 'சுவான்சோ' என்று இருப்பதே பழைய நகரத்துக்கு அருகில். 'சுவான்சோ தெற்கு', 'சுவான்சோ கிழக்கு' இரண்டும் தொலைவு. பத்து நிமிடம் வேகமாக வரும் ரயிலைப் பிடித்து, டாக்ஸியில் முக்கால் மணி உட்கார்ந்து வருவதில் லாபமில்லை. டிக்கெட் 15 நாள் முன்னால் திறக்கும். தனியாகக் காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்டே டிக்கெட். தானியங்கிக் கதவு அதைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் போங்கள். ரயில் கிளம்பச் சில நிமிடம் முன்பே கதவு மூடிவிடும் என்பதால் அரை மணி முன்பாக நிலையத்தில் இருங்கள். நுழையும்போது பை சோதனையும் உண்டு. சீனாவுக்குள் இன்னொரு விமானம் ஏறுவதாக இருந்தால் பவர்பேங்கில் '3சி' என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூன் கடைசியிலிருந்து முத்திரை இல்லாதவற்றை உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை.

தங்குவதற்கு மேற்குத் தெருவையும் மணிக்கூண்டையும் சுற்றியுள்ள பகுதி வசதி. சிறிய விடுதி எடுத்தால், வெளிநாட்டவரைப் பதிவு செய்யத் தெரியுமா என்று முன்னாலேயே செய்தி அனுப்பிக் கேளுங்கள். தங்கும் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் விவரமும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குப் போக வேண்டும். பழக்கமில்லாத விடுதிக்காரர் நள்ளிரவில் கையைப் பிசைவார்.

கைய்யுவான் கோயில்: பின்பக்கம் போங்கள்

686இல் தொடங்கிய பௌத்தக் கோயில், மேற்குத் தெருவிலேயே இருக்கிறது, கட்டணம் இல்லை. காலை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். ஒன்பதரைக்கு மேல் கொடி பிடித்த வழிகாட்டிகளும் அவர்கள் பின்னால் கூட்டமும் வந்துவிடும். சீனச் சந்திர மாதத்தின் 26ஆம் நாளில் உள்ளூர்க்காரர்களே திரண்டு வருவார்கள். வழிபாட்டைப் பார்க்க அது நல்ல நாள், சிற்பம் பார்க்க ஆகாத நாள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போவது நமக்குப் பழக்கம்தான், அங்கேயும் அதே வழக்கம். மண்டபத்துக்குள் புத்தர் சிலைகளைப் படமெடுக்கக் கூடாது.

பெரிய மண்டபத்துக்கு முன்னால் கல்மேடை ஒன்று வரும். அதன் மேலே நின்று படமெடுத்துக்கொண்டு எல்லாரும் உள்ளே போய்விடுகிறார்கள். நீங்கள் கீழே இறங்கி மேடையின் அடிப்பகுதியைப் பாருங்கள். கருமை படிந்த பச்சைக் கல்லில் சிங்கமும் மனித முகம் கொண்ட சிங்கமுமாக 70க்கும் மேற்பட்ட புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக ஓடும். அதிட்டான (அடித்தள) வரிசையை நம் கோயில்களில் பார்த்த கண்ணுக்கு விளக்கம் தேவைப்படாது. இந்த ஊரில் இருந்த சிவன் கோயிலின் கற்கள் இவை. கோயில் அழிந்த பிறகு, மிங் காலத் திருப்பணியில் எடுத்து இங்கே பதித்துவிட்டார்கள்.

பிறகு மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின் தாழ்வாரத்துக்குப் போங்கள். பதினாறு பட்டை கொண்ட இரண்டு தூண்கள் நிற்கும், மற்றத் தூண்களிலிருந்து நிறத்திலேயே தெரிந்துவிடும். பட்டைகளில் வட்டமும் சதுரமுமாகச் சிறு சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கதை. உரலோடு மருத மரங்களுக்கு நடுவே போகும் கண்ணன், நரசிம்மர், முதலையிடமிருந்து காப்பாற்றப்படும் யானை. சிவன் கோயில் கல்லில் திருமால் கதை எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். வணிகர்கள் ஊர்விட்டு ஊர் வந்து சேர்ந்து கட்டிய இடத்தில் இரண்டும் கலந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. தாழ்வாரம் வடக்கு நோக்கியது, எப்போதும் நிழல்தான். போனின் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்தால் கோடுகள் எழுந்து வரும், நேராக அடித்தால் தட்டையாகிவிடும். தூணைத் தொட வேண்டாம்.

தமிழ்க் கல்வெட்டைக் கோயிலுக்குள் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அது இங்கே இல்லை. 1281ஆம் ஆண்டு சித்திரை மாதம், யுவான் அரசர் குப்லாய்கானின் ஆட்சியில், சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் கல் அது. வரிகள் தமிழில், கடைசி வரி மட்டும் சீனத்தில். 'செகசைகான் திருமேனி நன்றாக' என்று அரசருக்கு வேண்டிக்கொள்கிறது. போகும் முன் அதன் படத்தைப் போனில் சேமித்துக்கொண்டு, இந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் நின்று படித்துப் பாருங்கள்.

வளாகத்தின் இரட்டைக் கற்கோபுரங்கள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஐந்து நிலை, எட்டுப் பக்கம். கிழக்குக் கோபுரம் சுமார் 48 மீட்டர், மேற்குக் கோபுரம் சற்றே குறைவு. மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் குரங்கு முகம் கொண்ட உருவம் ஒன்று உண்டு. அனுமனோடு அதைத் தொடர்புபடுத்துவோர் உண்டு, மறுப்போரும் உண்டு. கீழிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியாது, சிறிய பைனாகுலர் எடுத்துப் போங்கள். கிழக்குப் பக்கக் கூடத்தில் 1974இல் கடற்சேற்றிலிருந்து தோண்டியெடுத்த சோங் காலக் கப்பலின் அடிப்பாகம் இருக்கிறது. எஞ்சியிருப்பதே 24 மீட்டர் நீளம். உள்ளே பதின்மூன்று தனித்தனி அறைகள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகள் கப்பலை மிதக்க வைக்கும். மிளகும் வாசனைக் கட்டைகளும் இதில் கிடைத்தன. கோயிலுக்கு மட்டும் மூன்று மணி நேரம் வையுங்கள்.

மற்ற இடங்கள்

கடல்வணிக அருங்காட்சியகம் மணிக்கூண்டிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர். திங்கட்கிழமை மூடியிருக்கும். திங்கட்கிழமை மட்டும் ஊரில் இருப்பதுபோல் பயணத்தை அமைத்துவிட்டு ஏமாறுவது வழக்கமான தவறு. அனுமதி இலவசம், பாஸ்போர்ட் வேண்டும். நேரே சமயக் கற்சிற்பக் கூடத்துக்குப் போங்கள். லிங்கத்தை வழிபடும் யானையும் பசுவும் செதுக்கிய கற்கள் அங்கே இருக்கின்றன. திருவானைக்காவின் கதை தெரிந்தவருக்கு முதல் கல்லில் விளக்கப் பலகையே வேண்டாம். பக்கத்திலேயே அரபு எழுத்துக் கல்லறைக் கற்கள், சிலுவையும் தாமரையும் சேர்ந்த கிறித்தவக் கற்கள்.

தூமென் தெருவில் மூன்று இடங்களை ஒரே நடையில் பார்த்துவிடலாம்: 1009இல் கட்டத் தொடங்கிய கூரையற்ற சிங்ஜிங் பள்ளிவாசல், அதை ஒட்டி ஊதுவத்திப் புகை ஓயாத குவான்யுவே கோயில், கன்பூசியஸ் கோயில். அங்கிருந்து தெற்கே நடந்தால் கடல் தெய்வம் மாஜுவின் தியன்ஹோ கோயில். கால் வலித்தால் சந்துகளில் ஓடும் சின்ன வெள்ளை மின்பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள். சந்துகளில் நடக்கும்போது காதில் இயர்போன் வேண்டாம், மின்ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வரும்.

ஷுன்பு மீனவக் கிராமத்தில் பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூ அடுக்கிக்கொள்வது மரபு. இப்போது பயணிகளுக்கும் வைத்துவிடுகிறார்கள். பூ மட்டும் ஒரு விலை. ஆடை, ஒப்பனை, படமெடுப்பவர் எல்லாம் தனித்தனி. உட்காரும் முன்பே மொத்தம் எவ்வளவு என்று கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சிப்பி ஓடு பதித்த வீட்டுச் சுவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

சாப்பாடு

அசைவக்காரர்களுக்குக் கவலையில்லை: சிப்பி ஆம்லெட், இஞ்சி வாத்து, நூல்போன்ற சேமியாக் கஞ்சி. சைவக்காரர்கள் கவனம். காய்கறி மட்டும் என்று கேட்டால் காய்கறிதான் வரும், ஆனால் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். சேமியாக் கஞ்சியின் சாறே இறைச்சியிலோ கடல் உணவிலோ எடுத்தது. 'இறைச்சி வேண்டாம்' என்று சொல்வதைவிட 'வோ ச்சர் சூ' என்று சொல்லுங்கள். பௌத்தர்கள் சைவ விரதத்துக்குச் சொல்லும் சொல் அது. எண்ணெய், சாறு, முட்டை வரைக்கும் தவிர்க்க வேண்டியதைத் தனியாகச் சீன எழுத்தில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. கோயில்களுக்கு அருகே முழுச் சைவக் கடைகள் உண்டு. அங்கே வெங்காயம், பூண்டு கூடச் சேர்ப்பதில்லை. மாலையில் நிலக்கடலைப் பருப்பை இனிப்பாக வேகவைத்த கஞ்சி கிடைக்கும், தயங்காமல் குடிக்கலாம். உள்ளூர்க்காரர்கள் வீட்டில் பேசுவது மின்னான். பினாங்கு, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஹொக்கியன் என்ற பெயரில் காதுக்குப் பழகியிருக்கும்.

போகும் காலமும் பாலமும்

அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து டிசம்பர் வரை நல்ல பருவம். ஜூலை முதல் செப்டம்பர் வரை புழுக்கத்தோடு சூறாவளியும் வரும். சூறாவளி எச்சரிக்கை வந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் முதல் வாரம், மே முதல் வாரம், சீனப் புத்தாண்டு மூன்றையும் தவிருங்கள். அந்த நாட்களில் மேற்குத் தெருவில் நடக்கவே இடம் இருக்காது, அறை வாடகையும் பலமடங்கு ஏறும்.

லோயாங் பாலத்துக்கு நேரம் குறிக்கும்போது கடிகாரத்தோடு கடலையும் பாருங்கள். 1053 முதல் 1059 வரை கட்டிய கற்பாலம் அது, இப்போதைய நீளம் 700 மீட்டருக்கு மேல். அடித்தளக் கற்களைப் பிணைக்க அவற்றின்மேல் சிப்பியை வளர்த்தார்கள். சிப்பி ஒட்டி வளர வளரக் கற்கள் இறுகின. படகு மூக்குபோல் கூர்மையான தூண்களும் சிப்பி படிந்த கற்களும் தண்ணீர் வற்றினால்தான் தெரியும். கடல் ஏறியிருக்கும்போது போனால் வெறும் கல்நடைபாதை. வற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், இன்று காலை பத்துக்கு வற்றினால் நாளை மறுநாள் பதினொன்றே முக்காலை ஒட்டிப் போய்ச் சேருங்கள். பாலத்தின் மேல் நிழல் இல்லை. தொப்பியும் ஒரு பாட்டில் தண்ணீரும் வேண்டும்.